ஓடிக்கொண்டிருக்கும் எண்

பால்துரை முந்தின நாள் விழுந்து இறந்துபோன சேதி பாளையங்கோட்டை வலிப்புக் காவல் மையத்துக்குக் காலையிலேயே வந்துவிட்டது. போனை எடுத்த வரவேற்புப் பெண் நேராக சர்வர் அறைக்கு ஓடிவந்து, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பூரணியிடம்தான் சொன்னாள்.

“அக்கா, அந்த வெல்டர் பையன், அடிக்கடி போன் பண்ணுவாம்லா, இருநூத்தி முப்பத்தொண்ணு. வாட்டர் டேங்க் மேல நின்னு வேலை பாத்திருக்கான். பீப் அடிச்சிருக்கு. இறங்குததுக்குள்ள வலிப்பு வந்துட்டுதாம்.”

பூரணிக்கு அவன் போனில் பேசிய குரல்தான் முதலில் நினைவுக்கு வந்தது.  

வலிப்பு நோய்க்காரர்களைக் காப்பதற்காக ஓர் அறக்கட்டளை நடத்திய மையம் அது. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில்லைப் பதிப்பார்கள். அதற்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. தலைக்குள் ஓடும் மின்னலைகளை மையத்துக்கு அனுப்பும், அங்கிருந்து வரும் உத்தரவைச் செய்யும், அவ்வளவுதான். மையத்தில் இருந்த பெரிய யூனிக்ஸ் கணினி இயந்திரத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காவலன் என்றார்கள். வலிப்பு கிளம்பும் முன்பே காவலன் மோப்பம் பிடித்துச் சில்லுக்குச் சொல்லிவிடும். சில்லு ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்து அதை அணைத்துவிடும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் சேரச் சேர இயந்திரத்தின் நினைவகம் போதவில்லை. புது இயந்திரம் கேட்டு அறக்கட்டளைக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அது வருகிறபாடாக இல்லை. நினைவகம் முட்டும்போது, இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆளுகிற கர்னல் என்ற அடிநிரல், குலுக்கல் போட்டு ஏதோ ஒரு காவலனை நிறுத்திவிடும். நாலைந்து நிமிடத்தில் திரும்ப எழுப்பிவிடும். அந்த நாலைந்து நிமிடம் அந்த ஆளுக்குக் காவல் கிடையாது. காதில் பீப் என்று கேட்கும். கேட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். குலுக்கல் எல்லாருக்கும் பொது என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள்.

பால்துரை போன மாதம் கூப்பிட்டிருந்தான். அதற்கு முந்தின மாதமும்.

“மேடம், எனக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி வருது. எங்க குரூப்புல கேட்டேன். பழைய ஆளுங்களுக்கு பீப்பே வரதில்லைங்காங்க. புது ஆளுங்களுக்குத்தான் வருதாம். கொஞ்சம் பாருங்க மேடம்.”

பூரணி பார்த்தாள். விலக்கு எல்லை என்று ஒரு கர்னல் பாராமீட்டர், அதாவது கர்னல் பார்த்து நடக்கிற ஓர் எண், உண்டு. இயந்திரத்தை முதன்முதலில் நிறுவியவர்கள், தங்கள் சோதனை நிரல்கள் நின்றுபோகாமல் இருக்க அதை வைத்திருந்தார்கள். அந்த எண்ணையும் அதற்குக் கீழே உள்ள எண்களையும் குலுக்கலில் சேர்க்காதே என்று அர்த்தம். நோயாளிகளுக்குச் சேர்ந்த வரிசைப்படி எண் என்பதால், எல்லை பூஜ்யமாக இருந்தால்தான் எல்லாரும் சமம். அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அதில் பூஜ்யம் என்றுதான் இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தம்பி. இப்பதான் பாத்தேன்” என்று சொல்லி போனை வைத்தாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது, இயந்திரம் புதிதாக எழும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய எண். எழுந்து ஓடத் தொடங்கிய பிறகு, அதிகாரம் உள்ள யாரும் ஒரே வரிக் கட்டளையில் அந்த எண்ணை மாற்றிவிடலாம். கோப்பில் ஒரு எழுத்தும் மாறாது. மாற்றியவர் பெயரும் எங்கும் பதியாது. ஓடிக்கொண்டிருக்கும் எண் என்ன என்று தெரிய வேண்டுமானால் கர்னலிடமே கேட்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதுதான் அவளுக்கு உத்தியோகமே.

அவள் கேட்கவில்லை.

அவள் கணவன் கந்தவேலும் அந்த மையத்தின் நோயாளிதான். இருநூற்றுப் பன்னிரண்டு. முன்பெல்லாம் அவனுக்கும் பீப் அடிக்கும். ஒரு தடவை டவுன் ரதவீதியில் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை அடுப்படியில் விழுந்து முழங்கை வெந்துபோயிற்று. அன்றைக்கு அலுவலகத்தில் பூரணி வாய்விட்டு அழுதாள். அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவனுக்கு பீப்பே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் போல விடியற்காலையில் தாமிரபரணிக்குப் போய் நீந்திவிட்டு வர ஆரம்பித்தான். ஈரத்தலையோடு அவன் வாசலில் வந்து நிற்கும்போது, இது குலுக்கலில் வராத அதிர்ஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குலுக்கலின் கணக்கு தெரிந்தவள் அவள். ஒரு வருஷத்துக்கு அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது என்பதும் தெரியும்.

இயக்குநர் டாக்டர் சிவசைலம் கூப்பிட்டு அனுப்பினார்.

“கேள்விப்பட்டிருப்பீங்க. நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. மதியம் மெஷினை ரீபூட் பண்ணிடுங்க. எல்லாரையும் படுத்துக்கச் சொல்லி மெசேஜ் போட்டாச்சு. அதுக்கப்புறம் பாராமீட்டர் வேல்யூ எல்லாத்தையும் செக் பண்ணி ரிப்போர்ட் குடுங்க.”

“ரெண்டு வருஷமா அணைக்காத மெஷின் சார். முதல்ல செக் பண்ணிட்டு அப்புறம் ரீபூட் பண்ணலாமே? ரீபூட் பண்ணிட்டா, ஃபைல்ல இருக்கறதுதான சார் திரும்ப வரும்?”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

“உங்க வீட்டுக்காரர் நம்பர் என்ன பூரணி?”

“இருநூத்திப் பன்னெண்டு சார்.”

“அதுக்குத்தான் சொல்றேன். முதல்ல ரீபூட். பிறகு செக்.”

பூரணி வெளியே வந்தாள். சர்வர் அறைக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, அத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கர்னலிடம் கேட்டாள். ஒரு வரிக் கட்டளை, ஒரு வரிப் பதில்.

விலக்கு எல்லை: 212.

இருநூறு என்றிருந்தால் யாரோ குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது சரியாக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தது. கந்தவேலுக்கு அடுத்த ஆளிலிருந்துதான் குலுக்கல். முன்னால் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேர் மேல் விழ வேண்டியதெல்லாம் பின்னால் இருந்தவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. பால்துரைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை எப்படி வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த எண்ணை மாற்றும் அதிகாரம் இரண்டே பேருக்குத்தான். ஒருத்தி அவள். இன்னொருத்தன் அவளுக்கு உதவியாக இருந்த ஜெபராஜ். அவனை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவன் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீதானா ஜெபா?”

“நான்தாங்க்கா.”

“ஏன்டா?”

“அன்னிக்கு அண்ணாச்சிக்குக் கை வெந்துபோச்சுல்லா. நீங்க அழுததைப் பாக்க முடியல. ரெண்டு மூணு நாளைக்குன்னுதான் போட்டேன். அப்புறம் நீங்க சிரிச்ச முகமா வர ஆரம்பிச்சீங்க. எடுக்கணும் எடுக்கணும்னு நெனைப்பேன். மனசு வரல.”

“பூஜ்யத்துல இருந்ததைத் தூக்கி இருநூத்திப் பன்னெண்டாக்கிட்டியே!”

“பூஜ்யம் இல்லக்கா” என்றான் ஜெபராஜ். “நான் தொட்டப்பவே நூத்தி அறுபத்தாறுன்னு இருந்துச்சு.”

“நூத்தி அறுபத்தாறு யாரு?”

“டாக்டரோட தம்பி. உங்களுக்கு முன்னால இருந்த அட்மின் சார் போட்டிருக்கணும். டாக்டர் சொல்லிப் போட்டாரா, அவராவே போட்டாரான்னு தெரியல. அவரு போடும்போதும் பூஜ்யமா இருந்துச்சோ, வேற யாருக்காவது வேற எண் இருந்துச்சோ, யாரு கண்டா? கர்னலுக்குக் கடைசி எண் மட்டும்தான ஞாபகம் இருக்கும்?”

பூரணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைத் திட்ட அவளுக்கு என்ன உரிமை? அவன் செய்த ஒரு வருஷத்துக் காரியத்தின் பலனை ஒவ்வொரு நாளும் ஈரத்தலையோடு வாசலில் பார்த்தவள் அவள்தானே.

“ரீபூட் பண்ணிட்டா பூஜ்யமாயிரும்லா அக்கா?” என்றான் ஜெபராஜ் மெதுவாக.

“ஆயிரும்.”

“நாமளும் தப்பிச்சுருவோம்.”

“ஆமா.”

அப்போதுதான் வரவேற்புப் பெண் கதவைத் தட்டி, பால்துரையின் அக்கா வந்திருப்பதாகச் சொன்னாள். மையம் பால்துரைக்குக் கொடுத்திருந்த போனையும் சில்லின் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வந்தவள், யாரையாவது பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருந்தாளாம்.

பூரணி கடிகாரத்தைப் பார்த்தாள். ரீபூட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண் அப்படியே இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் பின்னால் இருக்கிறவர்களுக்கு ஆபத்து. அதைப் பூஜ்யமாக்கினாலோ நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும். தான் ஒருத்தி அறிக்கை எழுதினால் நாளைக்கு டாக்டர் அதை மறுக்கலாம். தானே பயந்து மறுத்துவிடவும் கூடும். வேறு இரண்டு கண்கள் அதைப் பார்க்க வேண்டும். அது மட்டும்தான் காரணமா என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். யாராவது தன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது.

“அவங்களை இங்க கூட்டிட்டு வா” என்றாள்.

“வெளியாளை சர்வர் ரூம்முக்கா?” ஜெபராஜ் பதறினான்.

“கூட்டிட்டு வரச் சொல்லு.”

பால்துரையின் அக்கா தங்கபுஷ்பம் ஒல்லியான பெண். அழுது முகம் வீங்கியிருந்தது. ஏசியின் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வரிசையாக மினுக்கிய விளக்குகளைப் பார்த்தாள். பூரணி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, திரையில் இருந்த எண்ணைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். குலுக்கல், எல்லை, எல்லைக்கு உள்ளே இருக்கிறவர்கள், வெளியே இருக்கிறவர்கள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

தங்கபுஷ்பம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

“அந்த இருநூத்திப் பன்னெண்டு யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

ஜெபராஜ் ஏதோ சொல்ல வந்தான். பூரணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் போடல. ஆனா எனக்காகத்தான் போட்டாங்க. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. உங்க தம்பி கேட்டப்ப நான் பாத்திருக்கலாம். பாக்கல. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்னு சொல்லிட்டேன்.”

 அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று பூரணி காத்திருந்தாள். அந்தப் பெண் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இந்த எண்ணை இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“பூஜ்யம் ஆக்கப் போறேன். உங்க முன்னாலயே. நாளைக்கு விசாரணையில நீங்க பாத்ததைச் சொல்லணும்.”

“பூஜ்யம் ஆக்காதீங்க.”

பூரணிக்கு விளங்கவில்லை.

“எங்க குடும்பத்துக்கே இந்தச் சீக்கு உண்டும்மா. என் பெரிய பையனுக்கும் இங்கதான் சில்லு வச்சிருக்கு. நானூத்திப் பதினெட்டு. மாடிப்படி ஏறித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போறான். அவனுக்கும் வாரத்துக்கு ஒரு வாட்டி அடிக்குது.” அவள் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த எண்ணை நானூத்திப் பதினெட்டுன்னு போடுங்க. என் தம்பி போயிட்டான், அவன் இனி வரமாட்டான். நான் விசாரணையில வாயைத் தொறக்க மாட்டேன். யாருக்கும் எதுவும் தெரியாது.”

“அப்படிப் போட்டா, அதுக்கு வெளியில இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகமா வரும்மா. அவங்கள்ல ஒருத்தர் உங்க தம்பி மாதிரி...”

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது” என்றாள் தங்கபுஷ்பம். “என் பையனைத் தெரியும்.”

 ஜெபராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பூரணியின் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. நானூற்றுப் பதினெட்டு என்று தட்டுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின அட்மினும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ஜெபராஜும் இப்படித்தான். யாரும் யாரையும் கொல்ல உட்காரவில்லை. எதிரே ஒரு முகம் அழுதிருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணைப் போட்டால் கந்தவேலும் உள்ளேயே இருப்பான். பாவத்துக்குப் பரிகாரம் செய்த மாதிரியும் இருக்கும்.

அவள் பூஜ்யத்தைத் தட்டினாள். மறுபடி கர்னலைக் கேட்டாள். பூஜ்யம் என்றது.

தங்கபுஷ்பம் கையை விட்டாள்.

“இப்ப எல்லாருக்கும் சமமா?”

“சமம்தான். என் வீட்டுக்காரருக்கும் வரும்.”

“வரட்டும்” என்று எழுந்தாள் அவள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு ஒரு வருஷம் கெடைச்சுதுல்லா. நான் ஒரு மாசம் கேட்டிருந்தாலாவது குடுத்திருப்பீங்களோ என்னவோ. எனக்குக் கேக்கத் தெரியல.”



பூரணி திரையில் கண்ட இருநூற்றுப் பன்னிரண்டையும், நூற்று அறுபத்தாறைப் பற்றி ஜெபராஜ் சொன்னதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டரிடம் கொடுக்காமல் நேரே விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். ரீபூட் நடக்கவில்லை. மறுநாள் தங்கபுஷ்பமும் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பையனுக்காகத் தான் கேட்டதைச் சொல்லவில்லை. பூரணியும் சொல்லவில்லை.

டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தான்தான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்ட ஜெபராஜுக்கு வேலை போயிற்று. எனக்காகச் செய்தான், நானும் உடந்தை என்று பூரணி எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். கட்டளையைத் தட்டியவன் அவன்தான் என்றார்கள். இயந்திரத்தைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் அவளை வைத்துக்கொண்டார்கள். அது அவளுக்குத் தண்டனையைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. ஜெபராஜ் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்த அன்று வாசல்வரை கூடவே போனாள்.

“என்னால உன் பொழப்பு போச்சு ஜெபா.”

“நீங்க செய்யச் சொல்லலையே அக்கா” என்றான். ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: “ஆனா ஒரு வருஷத்துல ஒரு நாளாவது, ஏன்டா அண்ணாச்சிக்கு பீப்பே வரலன்னு நீங்க கேட்டிருந்தா, நான் உடனே எடுத்திருப்பேன். கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் இருந்தேன்.”

எண்ணைப் பூஜ்யமாக்கிய அன்று சாயங்காலமே கந்தவேலிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் கோபப்படவில்லை. நீச்சல் துண்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே கேட்டான்:

“அப்போ அந்தப் பையனுக்கு வந்ததுல எத்தனை எனக்கு வர வேண்டியது?”

“அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க.”

“கடைசியா, அவன் விழுந்தப்ப வந்தது?”

“தெரியாதுங்க. யாராலயும் சொல்ல முடியாது.”

“சொல்ல முடிஞ்சா நல்லாருக்கும்” என்றான். அதன் பிறகு அவன் ஆற்றுப் பக்கம் போகவில்லை. அவள் போகச் சொல்லவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவன் சட்டென்று நின்றான். “பீப் பூரணி” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக் கீழே உட்கார்ந்தான். அவள் ஓடிப்போய்த் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். சில சமயம் பீப் மட்டும் அடித்து, வலிப்பு வராமல் போய்விடும். அன்றைக்கு வந்தது. அவன் பற்கள் கிட்டித்துக்கொண்டன. கால் தரையில் உதைத்த உதையில் செம்பு உருண்டு ஓடிற்று. அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவளையும் மீறி அவள் மனம் மையத்துக்குப் போயிற்று. அங்கே போக வேண்டியதுகூட இல்லை. மேஜைமேல் மடிக்கணினி இருந்தது. கடவுச்சொல் விரல் நுனியில் இருந்தது. ஒரு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு. இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.

எல்லாம் தெரிந்த பிறகும், ஒருவன் செத்த பிறகும், அந்த எண்தான் முதலில் வந்தது.

வலிப்பு அடங்கியது. கந்தவேல் கண்ணைத் திறந்து, இங்கே எப்படி வந்தோம் என்பது போல அவளைப் பார்த்தான். அவன் வாயைத் துடைத்து, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்துவிட்டு, பூரணி போனை எடுத்து ஜெபராஜின் இடத்துக்கு வந்திருந்த நஸீமாவைக் கூப்பிட்டாள்.

“நஸீமா, மெஷின்ல ஓடுற வேல்யூவை யார் யார் மாத்தலாம்னு ஒரு பட்டியல் இருக்குல்லா. அதுல ஒரு பேரை எடுத்துடணும்மா. பாக்கறதுக்கு மட்டும் விடு. மாத்த முடியக் கூடாது.”

“எடுத்துடலாங்க்கா. யாரு? யாரு மேலயாவது சந்தேகமா?”

“ஆமா” என்றாள் பூரணி. “என் பேரை எடு.”

 மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பூரணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எடுத்தாச்சு என்ற சொல் வரும்வரை காத்திருந்தாள். அதற்குள் மனம் மாறி, வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு கையால் தன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.